கழுவாத கை

05.03.2024, செவ்வாய்

வில்கமுவ பஸ் இன்றும் வரவில்லை. ஸ்கூட்டியில்தான் கிளினிக்குக்குப் போனேன். முப்பத்தொரு கர்ப்பிணிகள், மருத்துவிச்சி நான் ஒருத்தி. கடைசியாக வேடர் குடியிருப்பிலிருந்து ஹீன்மெனிகே, ஒன்பதாம் மாதம். வந்ததும் என் இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே இறுகப் பிடித்தாள். பதறிவிட்டேன். "கைய எடுங்க! கழுவினீங்களா?" என்று கத்தினேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "காட்டு ஆட்கள்தானே" என்றாள் ஒருத்தி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்குப் பிரஷர் 140க்கு 90. அடுத்த செவ்வாய் கட்டாயம் வரச் சொன்னேன்.

12.03.2024

ரமழான் தலை நோன்பு. ஹீன்மெனிகே வரவில்லை.

கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் பரிமளம் அக்காவிடம் குறைப்பட்டேன். அவர் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார்.

"எப்பிடி மிஸ்ஸி வருவா? அவங்க ஆளுங்களுக்கு ரெண்டு கையப் புடிக்கிறதுதான் வணக்கம். நீங்க ஸலாம் சொல்றாப்ல. ஸலாம் சொல்ல வந்தவள வெரட்டுனா திரும்பி வருவாளா?"

அல்லாஹ்வே! நரம்பில்லாத நாக்கு. என்ன பேச்சுப் பேசிட்டேன் நான்?

2019இல், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஓர் ஆஸ்பத்திரி வாசலில் "முக்காட்டைக் கழற்று" என்று என்னை நிறுத்தி வைத்தார்கள். வரிசையில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. போன செவ்வாய் நானும் வாய் திறக்கவில்லையே.

14.03.2024

ஹீன்மெனிகே வீட்டுக்குப் போனேன். கால் வீக்கம். பிரஷர் 150க்கு 100. வீட்டில் பெற்றால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம் என்று கெஞ்சினேன்.

"இங்கயே பெத்துக்கிறேன்" என்றாள். மூத்தவனைப் பெற்றபோது, வார்டில் பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். இவள் கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டார்களாம்.

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கழுவல்ல, மிஸ்ஸி."

ஸ்கூட்டியைப் பாதி வழியில் நிறுத்தி அழுதேன். பிறகு நேரே டொக்டரிடம் போனேன். அம்புலன்ஸ் வேண்டும், வார்டில் அவள் கூடவே நான் நிற்க அனுமதி வேண்டும் என்றேன். "ஏன் மிஸ்ஸி இந்த வீண் வேலை?" என்றார். வீண் வேலையா? நாளைக்கு ரெண்டு மையித்தை அடக்குறதா வேலை? கேட்டேவிட்டேன். கடிதம் தந்தார்.

15.03.2024

அவளை அவமானப்படுத்தியது பத்துப் பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் காதுக்குள் சொல்வதா? அவள் புருஷன், மாமி, அக்கம்பக்கம் எல்லோரும் முற்றத்தில் நிற்க, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "நான் செஞ்சது பிழை. சிரிச்சவங்கள அடக்காததும் பிழை."

ஹீன்மெனிகே முன்னால் வந்தாள்.

"வார்டுல நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"கட்டிலத் தள்ளினா?"

"தள்ளினது யாருன்னு எழுதி, என் கையெழுத்தோட முறைப்பாடு குடுப்பேன்."

என் இரண்டு கைகளையும் பிடித்தாள். அம்புலன்ஸில் ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை. அவள் நகம் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

16.03.2024

பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். அல்ஹம்துலில்லாஹ். கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. நோன்பு திறக்கக் கையில் பேரீச்சம்பழம்கூட இல்லை. அவள் மாமி போத்தலில் கொண்டுவந்த தேனை என் உள்ளங்கையில் ஊற்றினார்.

19.03.2024

கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் என் பிழையைச் சொன்னேன். அன்று சிரித்தவர்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும்.

30.04.2024

வேடர் குடியிருப்பிலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். முன்னால் ஹீன்மெனிகே. மகளைப் பரிமளம் அக்காவிடம் கொடுத்துவிட்டு என் கைகளைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், ஒவ்வொருவராக.

கிளினிக் தொடங்க இருபது நிமிஷம் பிந்திவிட்டது. பதிவுப் புத்தகத்தில் பிந்தியதற்குக் காரணம் எழுத வேண்டும். "வந்தவர்களுக்கு ஸலாம் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.