சம உயரத்தில் நின்ற ஆறு குவியல்கள்

அனுப்புநர்:
கிராசியெட் பினால்வா,
காகித மடிப்பு மேசை, மீன் டப்பா ஆலை,
சாண்டா ஒலாயா துறைமுகம், போர்ச்சுகல்.

பெறுநர்:
தொழிலாளர் நல ஆய்வாளர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: என் வலது கை நலமாக உள்ளதெனத் தாங்கள் அளித்த அறிக்கையைத் திருத்தக் கோருவதும், அதற்குக் காரணமான என் தோழியர் ஐவர் மீது புகார் கூறுவதும் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மத்தி மீன் டப்பாக்களுக்கு வண்ணக் காகிதம் சுற்றுவது என் வேலை. பசை கிடையாது. மடிப்பின் இறுக்கம்தான் காகிதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இறுக்கத்தை என் கட்டைவிரல் கொடுக்கிறது. இயந்திரம் மடித்தால் மூலை கிழிகிறது என்பதால் எங்களை வைத்திருக்கிறார்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2. கடந்த இலையுதிர் காலம் முதல் அந்த விரலின் அடியில் வலி. காலையில் விழிக்கும்போது, கை எனக்கு முன்பே எழுந்து ஆலைக்குப் போய்விட்டதுபோல் இருக்கிறது. அதன் இடத்தில் மரத்துப்போன ஏதோ ஒன்று போர்வையின் மேல் கிடக்கிறது. உறக்கத்திலும் என் விரல்கள் மடித்துக்கொண்டே இருப்பதாக என் கணவர் ஜசிந்தோ கூறுகிறார். உண்மைதான். கனவில் நான் கடலை மடிக்கிறேன், ஐயா. அலைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நீலக் காகிதம் இருக்கிறது, அவசரமே இல்லை, வலியும் இல்லை. விழித்த பின் காப்பிக் கோப்பையைத் தூக்க முடிவதில்லை. மனுவில் கனவுக்கு இடமில்லை என்பதை அறிவேன். ஆனால் வலியில்லாத கை எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போது அங்கே மட்டும்தான் தெரிகிறது.

3. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் தசைநாண் வீங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். மருந்து மட்டும் போதாதாம். அடிக்கடி கையை ஓயவிட வேண்டும், மணிக்கட்டில் பட்டை அணிய வேண்டும், நாளின் பாதியில் வேறு வேலைக்கு மாற வேண்டும். இப்படியே விட்டால் கத்தி வைக்க நேரும். அதன் பிறகும் பிடிப்பு முழுதாகத் திரும்பும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. பட்டை காகிதத்தைக் கிழிக்கிறது என்று மேற்பார்வையாளர் ஒடெட் அம்மாள் அதைக் கழற்றச் சொன்னார். எண்ணெய் அளவு பார்க்கும் பிரிவுக்குப் பாதி நாள் மாற்றித் தரும்படி கேட்டேன். ஆய்வாளர் பார்த்துச் சொல்லட்டும் என்றது ஆலை. தாங்கள் வந்தீர்கள்.

4. இங்கே ஒரு வழக்கத்தைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மாலை மணி அடித்துக் குவியல்களை எண்ணுவதற்குச் சற்று முன், எங்கள் மேசையில் ஒவ்வொருத்தியும் தன் குவியலிலிருந்து சில டப்பாக்களை எடுத்து, குறைவாக மடித்தவளின் குவியலில் வைப்பாள். பிள்ளை உண்டாகியிருப்பவள், வீட்டுக்காரர் போன படகு கரை திரும்பாதவள் என்று யாருக்காவது அது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. தாங்கள் வந்த அன்றும் டப்பாக்கள் என் பக்கம் நகர்ந்து வந்தன. நான் தடுத்தேன். பக்கத்து இருக்கை ஃபெலிஸ்மினா, காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "சும்மா இருடி. ஆபீசரு வந்திருக்காரு, உன் குவியல் மட்டும் குட்டையா நின்னா எங்க மானம் போயிரும். கைய ஆட்டிக்கிட்டே இரு, போதும்" என்றாள். தாங்கள் வாசலில் நின்று, யாருக்காவது வலி உண்டா என்று கேட்டீர்கள். "வலி இல்லாத எடத்தக் கேளுங்க ஐயா, சீக்கிரம் சொல்லி முடிச்சிரலாம்" என்று கடைசியில் அமர்ந்திருந்த ஹெர்மீனியா சொல்ல, மேசையே சிரித்தது. தாங்களும் சிரித்துவிட்டுப் போனீர்கள்.

5. 'இம்மேசையில் அனைவரின் உற்பத்தியும் சமம். எந்தக் கையிலும் குறைபாடு காணப்படவில்லை' என்று தங்கள் அறிக்கை கூறுகிறது. கண்டதைத்தான் எழுதியுள்ளீர்கள். எனினும் அந்த வரியைக் காட்டி எனக்கு இடமாற்றம் மறுக்கப்பட்டது. இனி நான் கையை மடியில் வைத்தால் அது ஓய்வு ஆகாது, ஒழுங்கீனம். ஆகவே என்மேல் உயிரையே வைத்திருக்கும் ஐந்து பெண்கள் மீது புகார் கூறும் நிலைக்கு வந்துவிட்டேன். அவர்களுக்குத் தண்டனை கோரவில்லை. கோபம் வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

6. சென்ற வாரம் சாப்பாட்டு இடைவேளையில் ஃபெலிஸ்மினாவால் தன் ரொட்டி மூட்டையின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பல்லால் அவிழ்த்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பல்லு சும்மாதானே கெடக்குது, அதுவும் கொஞ்சம் வேலை செய்யட்டும்" என்று சிரித்தாள். நானும் இலையுதிர் காலத்தில் பல்லால்தான் அவிழ்த்தேன். என் குவியலில் சேர்ந்த டப்பாக்களில் பெரும்பாலானவை அவள் கட்டைவிரல் மடித்தவை.

7. ஆகையால், முன்னறிவிப்பின்றி, மாலை மணிக்கு வெகு நேரம் முன்பே தாங்கள் மீண்டும் வர வேண்டும். மேசையில் உள்ள அனைவருக்கும் இடையிடையே ஓய்வும், பட்டை அணியும் அனுமதியும், பாதி நாள் மாற்றுப் பணியும் கிடைக்க ஆணையிட வேண்டும். இனி என் குவியலைத் தொடக்கூடாது என்று தோழியரிடம் மன்றாடிக் கேட்டுள்ளேன். நால்வர் சம்மதித்தார்கள். ஃபெலிஸ்மினா சம்மதிக்கவில்லை. எனவே தாங்கள் வரும் நாளில் என் குவியல் மற்றவற்றுக்குச் சமமாக நின்றால், என் கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐயா. முதலில் அவள் கையைப் பார்க்கும்படி பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: சாண்டா ஒலாயா
நாள்: 12 மார்ச் 2019

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
கிராசியெட் பினால்வா
(இடது கையால் இட்ட ஒப்பம்)