கறுப்பு வெள்ளைப் பெரியம்மாவுக்கு

என் அருமைக் கறுப்பு வெள்ளைப் பெரியம்மா,

நீங்கள் அமெரிக்காவின் பெரிய நடிகை. நான் சிட்னி கிரவீனில் பதினோராம் வகுப்பு. இந்த உறவு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? என் சேட்டையால் வந்தது.

நீங்கள் இறந்த அன்று அம்மா குசினியில் அடுப்பருகே நின்று அழுதார். இங்கே வந்த புதிதில் உங்கள் பழைய படங்களைப் பார்த்துத்தான் அவர் ஆங்கிலம் பழகினார். எனக்கோ சிரிப்பு. குத்துவிளக்குப் படம் போட்டு ஒரு மரண அறிவித்தல் எழுதி, எங்கள் ஊர்ச் சனத்தின் வாட்ஸ்அப் குழுவில் விட்டேன். ‘அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் எங்கள் வீட்டு ரிவிப் பெட்டியை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார் ஜெயந்தியின் அன்புச் சகோதரியாவார்.’ ஜெயந்தி என் அம்மா.

நம் சனம் அறிவித்தலில் முதலில் தேடுவது உறவுமுறையை. அது கண்ணில் பட்டால் மிச்சத்தை வாசிக்காது, அடுப்பை மூட்டும். செத்த வீட்டில் சமைக்கக்கூடாதே, சாப்பாடு கொண்டுபோக வேண்டுமே!

பின்னேரம் கதவைத் திறந்தால், நார்த்மீட்டில் இருக்கும் மேரி அன்ரி. முழங்கால் வருத்தத்தோடு பஸ் மாறி, சோறும் பருப்பும் தூக்கி வந்திருந்தார். அம்மாவைக் கட்டிப்பிடித்து, “உனக்கொரு அக்கா இருந்தவ எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே, பிள்ளை!” என்று அழுதார்.

“அது ஒரு நடிகை, அன்ரி. இவள் பகிடிக்குப் போட்டவள்” என்றார் அம்மா.

நான் சோற்றுப் பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

அன்ரி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். “அப்ப ஏன் உன்ர கண் வீங்கியிருக்கு?”

அம்மா உங்கள் கதையைச் சொன்னார். மேடையில் தொடங்கினீர்கள். சினிமா கூப்பிட்டது. முகத்தில் சுருக்கம் விழுந்ததும் கதாநாயகியை அம்மாவாக்கினார்கள், பிறகு கூப்பிடவேயில்லை. நீங்கள் பழைய மேடைக்கே திரும்பி, சின்னச் சின்ன மண்டபங்களில் கிழவியாகும்வரை நடித்தீர்கள்.

“ஊரில ரீச்சரா இருந்திட்டு இங்க கக்கூஸ் கழுவினனான், அன்ரி. இவ திரும்பத் தொடங்கினதைப் பாத்துத்தான் நானும் திரும்பப் படிச்சு ரீச்சரானனான்.”

இது எனக்குத் தெரியாது, பெரியம்மா. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவின் ஆங்கிலத்தைப் பழித்துக் காட்டி வகுப்பில் கைதட்டல் வாங்கியவள் நான். அது உங்கள் குரல் என்று ஏன் எனக்குக் கேட்கவில்லை?

“ஆர் செத்தாலும் அழுதவளுக்குப் பசிக்கும். வா, சாப்பிடு” என்றார் அன்ரி. எனக்கும் போட்டார்.

அன்றே குழுவில் மன்னிப்புக் கேட்டேன். அறிவித்தலை அழிக்கப் போனபோது அம்மா எட்டிப் பார்த்தார். “எல்லாத்தையும் அழி. அந்தச் சகோதரி வரி மட்டும் இருக்கட்டும்.”

அந்த வரியை மட்டும் திரும்பப் போட்டேன். இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை அம்மாவோடு உங்கள் படம் பார்க்க உட்காருவேன். அவர் உங்களோடு சேர்ந்து வசனம் பேசுவார். நான் சிரிக்கமாட்டேன். சத்தியமாக.

வெட்கத்தோடு,
கிரவீனிலிருந்து உங்கள் பெறாமகள்