திரையில் கவிழ்ந்த மங்கு

பரீட்சையில் கம்ப்யூட்டர் கொடுப்பார்களா என்று அந்த மாணவியின் அப்பா உன்னைக் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்று காஜா பேராங்கில் நம் பள்ளியின் பொருளறையைக் காலி செய்தார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை யாரோ போட்டுப் பார்த்தார்கள். சூடேறிய தூசியின் வாசம் வந்தது. உன் கருமாதியில்கூட அழாதவள், அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மெர்டேக்கா விடுதலையை ஒட்டிப் பிறந்தவர்கள் நாம் இருவரும். கட்டத்தாளில் புள்ளி வைத்து, கை நடுங்காமல் வளைவு வரைந்து தேறியவர்கள். நாம் கணக்கு டீச்சர்களாக இருந்த பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு நம்பிக்கையில்லை.

"படம் பாக்கறதெல்லாம் கணக்காயிடுமாடி?" என்றேன்.

"நீ படம் பாக்காமயே பட்டம் வாங்கினவ. மூஞ்சியில தெரியுது லா," என்றாய்.

நான்காம் படிவத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு தேர்விலும் கணக்கில் தோற்பவள். பள்ளி முடிந்தபின் அவளை உட்காரவைத்து, எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னாலுள்ள எண்ணை மாற்றச் சொன்னாய். மூன்று, இரண்டு, ஒன்று. எண் குறையக் குறைய வளைவு அகன்றது. மைனஸ் ஒன்று போட்டதும், கிண்ணம்போல் நிமிர்ந்திருந்த வளைவு தலைகீழாக, அலறினாள்.

"டீச்சர், மங்கு கவுந்துருச்சு!"

ஏன் கவிழ்ந்தது என்றும் அவளே சொன்னாள். அதற்குமுன் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதேயில்லை.

ஆனால் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்த அவள் அப்பா முடிவுசெய்திருந்தார். நீ அவரை வரவழைத்துத் திரைக்கு முன் உட்காரவைத்தாய். அவள் அந்த மங்கு வளைவைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். பரீட்சையில இத குடுப்பாங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் திரையைப் பார்த்தேன்.

"புக்கிட் ரம்பாய் பேக்டரியில ஆள் எடுக்கறாங்க. இவளுக்குப் பின்னால இன்னும் பிள்ளைங்க இருக்கு," என்று எழுந்தார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கம்ப்யூட்டரை நான் இன்றும் முழுதாக நம்புவதில்லை. ஆனாலும் வளைவுப் பாடம் வரும்போது, வாய் திறக்காத பிள்ளையைத்தான் முதலில் அதன் முன் உட்காரச் சொல்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அந்த அப்பா வந்துபோன மறுநாள், பள்ளியில் இரவல் வாங்கிய பாடநூல்களைத் திருப்பிக்கொடுக்க அவள் வந்தாள். கிழிசல் இருக்கிறதா என்று விதிப்படி ஒவ்வொன்றாகப் புரட்டினாய். மிக மெதுவாகப் புரட்டினாய். கடைசிப் புத்தகத்தின்போது அவள் கேட்டாள்: "எக்ஸுக்கு முன்னால சைபர் போட்டா என்னா டீச்சர் ஆகும்?"

மங்கு மறைந்து நேர்கோடாவதைத் திரையில் காட்ட, கம்ப்யூட்டர் அறைச் சாவியை நீ தேடி எடுப்பதற்குள், வாசலில் அவள் அப்பா மோட்டார் சைக்கிள் ஹார்னை அடித்தார். "வரேன் டீச்சர்," என்று ஓடிவிட்டாள்.