நான்காம் தூணின் ஆழம்

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகம்தான் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். நீதான் கடிதம் போடுவதே இல்லையே.

‘நாடெங்கும் பார்க்க வேண்டிய பழைய பாலங்கள்’ அச்சாகி வந்துவிட்டது. மூன்று வருட அலைச்சல், பன்னிரண்டு பாலங்கள். பள்ளத்தாக்கின் மேல் ஆடும் கயிற்றுப் பாலம், உள்ளேயே கடைகள் இருக்கும் கூரை போட்ட மரப்பாலம், கப்பல் வந்தால் இரண்டாகப் பிரிந்து எழும் இரும்புப் பாலம் எல்லாம் உண்டு. ஆனாலும் அட்டையில் உன் ஊர்க் கல்பாலம்தான். மாலை வெயிலில் ஐந்து வளைவும் தண்ணீரில் விழும் நிழலோடு சேர்ந்து ஐந்து முழு வட்டமாகத் தெரியுமே, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது.

வெளியீட்டு விழாவும் அந்தப் பாலத்தின் மேல்தான். இருபத்தொன்றாம் தேதி, ஞாயிறு மாலை. குடும்பம் குழந்தைகளோடு நானூறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முன்னுரையில், ‘வருடா வருடம் இந்தப் பாலத்தைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுபவர் என் சொந்த அக்கா, பயமில்லாமல் நடக்கலாம்’ என்று எழுதியிருக்கிறேன். வெட்கப்படாமல் வந்து சேர்.

உன் தம்பி

---

மே 9

அன்புத் தம்பிக்கு,

புத்தகம் கிடைத்தது. பாலத்தைப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி எழுதியிருக்கிறாய் என்று உன் அத்தான் சிரிக்கிறார். எனக்கு முன்னுரையைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

பரிசோதனையின் கடைசியில், படகில் போய் ஒவ்வொரு தூணின் ஓரத்திலும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளப்போம். போன வருடத்தைவிட ஆழம் கூடியிருந்தால், தூணின் அடிமண் அரித்துப் போகிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்துக்கு முன், இந்த வருடத்துக்கு அளக்கப் போனபோது ஆறு சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தூண்களை அளந்துவிட்டேன். நான்காவதில் படகு ஒரு சுற்றுச் சுற்றியது. எனக்கு உயிரே போய்விட்டது. கரைக்கு விடச் சொல்லி, அலுவலகத்துக்கு வந்து போன வருட எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று போய்ப் பார்த்தேன். அந்தத் தூணுக்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவரில் விரல் நுழையும் விரிசல். பழையதா, புதியதா என்று தெரியவில்லை. மேலதிகாரியின் அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். இருபத்தாறு வருட வேலையப்பா. விழாவை ஒரு மாதம் தள்ளிப் போடு. எப்படியாவது மனதைத் தேற்றிக்கொண்டு அளந்து, காதும் காதும் வைத்தாற்போல் சரிசெய்துவிடுகிறேன். கண்ணை மூடினால் அந்த நானூறு பேர்தான் தெரிகிறார்கள்.

அக்கா

---

மே 13

அக்கா,

இருநூறு வருடம் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்த பாலம், நீ குண்டு இறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிடுமா? பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிறவள் நீ. அழைப்பிதழ் எல்லோருக்கும் போய்விட்டது, இனித் தள்ளிப் போட்டால் பதிப்பாளர் என்னைச் சும்மா விடமாட்டார். யாரிடமும் வாய் திறக்காதே. உன் வேலைக்கும் அதுதான் நல்லது.

தம்பி

---

மே 17

தம்பி,

திட்டுவதானால் திட்டிக்கொள். நேற்றுக் காலை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். “நாலாவது தூணை நான் அளக்கல சார். பொய்யா எழுதிட்டேன்.” அவ்வளவுதான் சொன்னேன். அவர் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் புறப்பட்டார்.

கயிற்றை நானே இறக்கினேன். போன வருட அளவுக்குப் போட்ட முடிச்சு தண்ணீருக்குள் போனது. அப்புறமும் கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நுனி மட்டும்தான் என் கையில் மிஞ்சியது. மேலதிகாரி வரவழைத்த முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்துவிட்டு, தூணின் ஒரு பக்கம் அடியில் ஒன்றுமே இல்லை என்கிறார்.

மாலைக்குள் பாலத்தை அடைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. உன் மூன்று வருடத்தையும் கெடுத்துவிட்டேன். கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா

---

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிறன்று தடுப்புக்கு முன்னால் நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். திட்டினார்கள். அந்தக் கோபத்தையும் சேர்த்து உன்மேல் கொட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

வாய் திறக்காதே என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம், ‘நீயும் சின்ன மகளும் விழாவுக்கு வர வேண்டாம்’ என்று சொன்னேன். வெயில் தாங்காது என்று காரணம் சொன்னேன். மற்ற நானூறு பேரிடம் எதுவும் சொல்லவில்லை.

இதை யாரிடமும் சொல்லாதே என்று எழுத வந்து, எழுதாமல் விடுகிறேன். விசாரணையில் நீ என் கடிதத்தைக் காட்ட வேண்டியிருந்தால் காட்டு.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வரலாமா அக்கா? எனக்கு என்னை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

தம்பி