ஜப்பானுக்கு இரண்டு பேர்

ஆட்டுக்கு ஜப்பான் பாஷை கற்றுக்கொடுத்த என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. பதினாறாம் நாள் காரியம் குறையில்லாமல் முடிந்தது. உன்னோடு பஸ்ஸில் ஓடிய டிரைவர்கள் எல்லாரும் நம் ஊர் பெருநகர் வரைக்கும் வந்து நின்றார்கள். படையலில் வடை பாயசத்தோடு உனக்குப் பிடித்த கெட்டி டீயும் ஒரு டம்ளர் வைத்தோம். அது ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. ஆறின டீயைக் கண்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை.

உன் பாஸ்போர்ட் வந்தது நைனா. தபால்காரர் வாசலில் நின்று, "அவரு கைலதாம்மா குடுக்கணும், கூப்புடு" என்றார். தம்பி குமார் உள்ளே மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினான். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உன்னைக் கும்பிட்டார். பிறகு கவரைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிரித்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாஸ்போர்ட் போட்டோவில் நீ சிரித்தாயா, இல்லை, சிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களா?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அம்மாவைப் பற்றி. உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய நேரத்திலிருந்து அவள் அழவே இல்லை. சொந்தக்காரப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி சாந்தா, ஒரு சொட்டு கண்ணீரு வுடுடி, நெஞ்சு வெடிச்சிடப் போவுது" என்று பெரியம்மா அவள் கன்னத்தில் தட்டிக்கூடப் பார்த்தாள். ஊரில் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். ஊர்ப்பேச்சு கிடக்கட்டும். அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள், படுத்தால் கண்ணை மூடமாட்டாள். உன்னை அனுப்பின கையோடு இவளையும் அனுப்ப வேண்டியிருக்குமோ என்ற பயத்தில், வாலாஜாபாத்தில் என் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தேன்.

அவள் ஏன் அழவில்லை என்று உனக்குத் தெரியுமே. உன்மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை.

எல்லாம் அந்த ஜப்பானால் வந்தது. குமாரின் கம்பெனியில் குடும்பத்தோடு வரச்சொன்ன நாளன்று நீயும் போனாய். அங்கே ஜப்பான்கார மேனேஜர் உன் முன்னால் இடுப்புவரை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டார். "சர்வீஸ் பூரா பேசஞ்சருங்க எகிறித்தான் பாத்துக்கிறேன், ஒருத்தன் குனிஞ்சி பாத்ததில்ல தேவி" என்று என்னிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய். கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள் கோயில் மரத்தடியில் சீட்டாடப் போவார்கள். நீ ஆன்லைனில் ஜப்பான் மொழி படிக்கும் குழுவில் போய்ச் சேர்ந்தாய்.

அதில் உனக்கு மூன்று சிநேகிதர்கள் கிடைத்தார்கள். கோயம்புத்தூர் பேக்கரியில் வேலை பார்க்கும் பிரதீப், நாகர்கோவில் ஆக்னஸ் டீச்சர், அப்புறம் ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ரயில்வேயில் டிக்கெட் பார்த்து ரிட்டயர் ஆன மொரித்தா. அவருக்குத் தமிழ் வேண்டும், உங்களுக்கு ஜப்பான் மொழி வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் டிக்கெட் கிழித்தவர்கள் என்பதால் ஒட்டிக்கொண்டீர்கள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். உன் குரல்தான் ஊருக்கே தெரியுமே. மொரித்தாவுக்குச் சொல்லும் 'மன்னிக்கவும்', 'நன்றி' எல்லாம் முதலில் ஆடுகளின் காதில்தான் விழும்.

"வூட்ல கேட்டா ஒரு வார்த்த வராது. ஊரு பேரு தெரியாத ஜனங்ககிட்ட பல்ல காட்டிக்கினு கீறாரு பாரு" என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனாலும் நான் வந்திருக்கிற ஞாயிறுகளில் டீ போட்டு என்னிடம் கொடுத்து அனுப்புவாள். டீயைக் கொடுக்கும் சாக்கில் நானும் கொஞ்சம் நின்று கேட்டிருக்கிறேன். பொழுதுபோக்கு என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது அன்றைய பாடம். பிரதீப் சைக்கிளில் மலையேறுவேன் என்றான். ஆக்னஸ் டீச்சர் காகிதத்தில் பறவை செய்வேன் என்றார். மொரித்தா, ரயில் நிற்காமல் போய்விட்ட பழைய ஸ்டேஷன்களைத் தேடிப்போய்ப் படம் எடுப்பாராம். உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நீ "பஸ்" என்றாய். பயணம் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் பனியையும் கடலையும் சொல்வார்கள். நீ செய்யாற்றில் வெள்ளம் வந்த வருஷம் வண்டியை நிறுத்திவிட்டுப் பயணிகளை உறவுக்காரர் வீட்டில் சாப்பிட வைத்த கதையைச் சொல்வாய்.

படிப்பு மட்டும் உனக்கு ஏறவே இல்லை. சென்னையில் போய் முதல் படிப் பரீட்சை எழுதிவிட்டுத் தோற்றுப்போய் வந்தாய். அதற்கும் தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாய். "பாஸ் ஆனப்புறம் குடுக்கலாம்னு கீறேன்னா நீங்க சாவற வரிக்கும் இனிப்பு துன்ன மாட்டீங்க" என்று நீ சொன்னதை வைத்து இன்றைக்கும் பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். போலீஸ்காரர் வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள் என்று உனக்குத் தெரியாதா நைனா? அன்று நீ வீட்டில் இல்லை. சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால், "உங்க வூட்டுக்காரரு எந்த நாட்டுக்கும்மா போறாரு?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? 'தெரியாது' என்றாளாம்.

நீ வந்ததும் கேட்டாள். அதற்குள் நானும் வந்திருந்தேன். "கண்டக்டரு பொண்டாட்டின்னுதான் பேரு. காஞ்சிபுரத்த தாண்டி ஒரு ஊருக்கு இட்டுனு போயிருப்பியா? இப்ப ஜப்பானுக்கு கெளம்பிட்ட, அதும் தனியா. அத்த போலீஸ்காரன் வந்து எனக்கு சொல்றான்." நீ வழக்கம்போலச் சிரித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போனாய். ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே நைனா. ஏன் சொல்லவில்லை?

அன்றோடு அவள் உன்னிடம் பேச்சை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் வாலாஜாபாத்துக்குக் கிளம்பிவிட்டேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். பழைய சிநேகிதர்களைப் பார்க்க உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினாய். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் பேசிக்கொண்டே இருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். டாக்டர் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இங்கே வீட்டில் இருந்தவளுக்குப் போனில்தான் சேதி வந்தது.

உன் போனில் மட்டும் செய்தி வந்துகொண்டே இருந்தது. 'அண்ணா, இந்த வாரமும் லீவா?', 'உடம்பு சரியில்லையா?' என்று. சாவு சேதியைத் தூரத்து உறவுக்கெல்லாம் தேடித் தேடிச் சொன்னோம். இவர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நான்தான் எழுதினேன். உடனே மூன்று பேரும் அழுதுகொண்டு பதில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து அம்மாவைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கலாமா என்று ஆக்னஸ் டீச்சர் கேட்டிருந்தார்.

குமார் எகிறினான். "அவங்க யாரு நமக்கு? அவங்களாலதான் வூட்ல சண்டையே. போனத் தூக்கிப் போடுக்கா."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "துக்கத்துக்கு வர்றேன்னவங்கள வாசல்ல நிக்க வெக்கக்கூடாதுடா. வரச்சொல்லு" என்றாள். அவள் மனதில் என்ன இருந்ததோ. ஒருவேளை, அவளிடமிருந்து உன்னை எடுத்துக்கொண்டவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

போன ஞாயிறு சாயங்காலம் போனை உன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து அம்மாவை எதிரில் உட்கார வைத்தேன். மொரித்தா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார் நைனா. அம்மாவைப் பார்த்ததும் தலை தரையைத் தொடுகிறமாதிரி குனிந்தார், நிமிர வெகுநேரம் ஆனது. "சாந்தா சான். அண்ணன் நல்லவர். எனக்கு வருத்தம்" என்று தமிழில் சொன்னார். மரியாதைக்குப் பேரோடு 'சான்' சேர்த்து அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது தெரிந்தது. தன் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"என் பேரு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம எப்படிம்மா?" என்றார் ஆக்னஸ் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அண்ணன் சொன்னதெல்லாம் உங்களப் பத்திதான். எங்களுக்குத் தெரிஞ்சதே கொஞ்சம் வார்த்த. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லணும்னா அண்ணன் 'சாந்தா டீ போடுகிறாள்' என்பாங்க. அடுத்தது 'சாந்தாவுக்கு ஆடு பிடிக்காது' என்பாங்க. ஓட்டல்ல ரூம் கேக்குற பாடம் ஒண்ணு உண்டு. ஒருத்தர் ஓட்டல்காரரா நடிச்சு 'எத்தனை பேர்?' என்று கேக்கணும். 'ஒருவர்' என்று சொல்லிப் பழகுற பாடம் அது. அண்ணன் ஒரு தடவகூட அப்படிச் சொன்னதில்ல. எப்பவும் 'இரண்டு பேர்' தான். தப்புன்னு சொன்னா, 'நான் போறது அவளோடதான், அப்புறம் எதுக்கு ஒண்ணு?' என்று எங்களோட சண்டைக்கு வருவாங்க."



பிரதீப் தயங்கித் தயங்கிப் பேசினான். "அம்மாகிட்ட இப்பச் சொன்னா விளையாட்டுன்னு நெனைச்சுக்குவாங்கன்னாருங்க. மொதல்ல இவரோட பாஸ்போர்ட் கைக்கு வரோணும், அதைய அம்மா கையில குடுத்து, 'அடுத்தது உன்னோடது, கெளம்பு'ன்னு சொல்லோணும்னு இருந்தாருங்க. சொல்லாம வெச்சிருந்து காட்டறதுல அவருக்கு அத்தனை ஆசைங்க."

இதைக் கேட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "சாப்டீங்களா எல்லாரும்?" என்று மட்டும் கேட்டாள். மொரித்தாவுக்கு ஆக்னஸ் டீச்சர் அதை மாற்றிச் சொல்ல, அவர் மறுபடியும் குனிந்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் 'போய்ட்டு வரேன்' சொல்லாமல் எழுந்து போவதுதான் நம் பக்கத்து வழக்கம். அந்தச் சொல்லோடு சாவும் திரும்பி வந்துவிடும் என்று பயம். பாவம் அவர்கள், வாராவாரம் கூட்டம் முடியும்போது சொல்லிப் பழகினதைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்கள். "மத்தா நே" என்றான் பிரதீப். ஆக்னஸ் டீச்சரும் சொன்னார். மொரித்தா மெதுவாகச் சொல்லிக் கையசைத்தார். திரை அணைந்துவிட்டது.

"இன்னாடி சொன்னாங்க?" என்றாள் அம்மா.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மறுபடி பாக்கலாம், வரேன்னு அர்த்தம்மா."

"எழவு வூட்ல இத்தப் போய் சொல்லுவாங்களா?" என்று குமார் எழுந்துவிட்டான். அம்மா கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

"உங்க நைனாவும் இத்த சொல்வாரா?"

"வாராவாரம்மா. எல்லாரும் கெளம்பின அப்புறமும் கடைசியா ஒரு தடவ கத்திச் சொல்வாரு."

அவள் உன் படத்தைப் பார்த்தாள். செத்த அன்றிலிருந்து அவள் உன்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எங்கியோ கீற ஜனங்களுக்கெல்லாம் வாராவாரம் வரேன்னு சொல்லிக்கினு போயிருக்காரு. அன்னிக்கு கொல்ல வாசப்படியில வந்து நின்னாருடி. நான் குனிஞ்சி பாத்திரத்த தேச்சிக்கினு இருந்தேன். வரேன் சாந்தான்னு சொல்வாரு, அப்ப நிமுரலாம்னு இருந்தேன். எங்கிட்ட மட்டும் சொல்லிக்காம பூட்டாரே..."

அப்புறம் அவள் அழுதாள் நைனா. தெருவே ஓடி வருகிறமாதிரி, மார்பில் அடித்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லி அழுதாள். உன் பேரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெரியம்மா தண்ணீரோடு ஓடிவந்தாள், நான் தடுத்துவிட்டேன்.

இன்று வரை அழுகிறாள். அழுதுவிட்டுச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி அழுகிறாள். எனக்குப் பயம் போய்விட்டது, துக்கம்தான் இப்போது முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ வாசற்படியில் நின்றபோது சொல்ல வாயெடுத்தாயா, அவள் முதலில் நிமிரட்டும் என்று நீயும் காத்திருந்தாயா? இதை நான் இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

நான் வாலாஜாபாத்துக்குத் திரும்பவேண்டும், எத்தனை நாள்தான் லீவு கொடுப்பார்கள். ஆனால் உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். வேலைக்கோ கடைக்கோ கிணற்றடிக்கோ, எங்கே போனாலும், அவள் கோபமாக இருந்தாலும், திரும்பிப் பார்க்காமல் இருந்தாலும், அவள் எதிரில் போய் நின்று, 'போய்ட்டு வரேம்மா' என்று அவள் காதில் விழுகிறமாதிரி சொல்லிவிட்டுத்தான் இந்த வீட்டுப் படியிறங்குவேன்.

உன் பங்குக்கும் சேர்த்துச் சொல்லப்போகும்
உன் மூத்த மகள்
தேவி