பீரோவில் எழுதிய அறுநூற்றைம்பது

இதை எழுதும்போதும் விரல்களில் தின்னர் வாசனை போகவில்லை. சன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்த மிச்சம் என்று நீங்கள் எடுத்து வைத்திருந்த பாட்டில்தான். இன்று காலை அதைத் துணியில் நனைத்து, பீரோ கதவில் நீங்கள் மார்க்கரால் எழுதிய 650 என்ற எண்ணை அழித்துவிட்டேன். எண்ணோடு பீரோவின் பச்சை நிறமும் கொஞ்சம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் செய்ததாக இருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த எண் எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் உங்களோடு கிரேன் ஓட்டுகிறவரின் மகள் நீட் தேர்வில் 640 எடுத்துவிட்டாள் என்று மிட்டாயோடு வந்தீர்கள். செருப்பைக் கழற்றும் முன்பே மார்க்கரைத் தேடினீர்கள்.

“அவ அறுநூத்தி நாப்பதுன்னா, நம்ம ஜெசி அதுக்கு மேல ஒரு பத்து எடுக்க மாட்டாளா?”

“இவ இப்பதான் நானூத்தி எம்பதுல நிக்கா. நீங்க மீன் ஏலத்துல கூட்டிக் கேக்க மாதிரில்லா கேக்கீங்க.”

“ஏளா, நீ பருப்புக்கும் புளிக்கும் கணக்கு எழுது. இது ஆசை. இதுக்கு எதுக்குக் கணக்கு?”

மகள் சிரித்தாள். நானும்தான்.

அந்த வருடத் திருவிழாவில் மாதா சப்பரம் நம் தெருவுக்குள் வந்தபோது, கூட்டத்தின் நடுவில் நின்று சத்தமாகவே நேர்ந்துகொண்டீர்கள். “மாதாவே, அறுநூத்தம்பது வாங்கிக் குடு. பிள்ளை உசரத்துக்கு மெழுகுதிரி ஏத்துதேன்.” பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுகம் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். மாதாவிடம் மார்க்கைச் சொல்லிக் கேட்டவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வாங்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே சாய்ந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த எண் ஆசையாக இல்லை. நீங்கள் விட்டுப்போன உயில் மாதிரி ஆகிவிட்டது. ஜெசி சாப்பிடும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பாதியில் எழுந்தாள். மாதிரித் தேர்வுகளில் மார்க் இறங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் அவளுடைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதிலுள்ள பாடம் தெரியாது. கூட்டலும் கழித்தலும் தெரியும். சரியான விடைக்கு நான்கு வரும், தவறான விடைக்கு ஒன்று போகும், தொடாமல் விட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. அவள் ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. தெரியாததையெல்லாம் குருட்டாம்போக்கில் அடித்திருந்தாள்.

“தெரியாததை எதுக்குட்டி தொடுத?”

“விட்டா எப்படிம்மா அறுநூத்தம்பது வரும்?”

“அப்போ கொறச்சுக்கோயேன்.”

“அப்பா மாதாட்ட நேந்தது. நான் கொறச்சா அப்பா வாக்கு பொய்யாப் போயிரும்லா.” விடைத்தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள்: “வரலைன்னா, நான் எந்த மூஞ்சியோட இங்கன இருப்பேன்?”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் தலையைக்கூட வாராமல் பங்குச் சாமியாரைப் பார்க்க ஓடினேன். பாதி கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. மீதியைக் கேட்டதும் நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“நேர்ந்துக்கிட்டது யாரும்மா?”

“வீட்டுக்காரர், சாமி.”

“அப்போ அது அவரோட நேர்ச்சை. ஒருத்தர் நேர்ந்தது இன்னொருத்தரைக் கட்டுப்படுத்தாது. பிள்ளைகிட்ட மாதா எதுவும் கேக்கல. இதை நான் சொன்னேன்னு போய்ச் சொல்லுங்க.”

அப்படியே போய்ச் சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். சாமியார் எந்த முகத்தோடு சொன்னார் என்றுகூடக் கேட்டாள். பிறகு, “அப்போ எனக்கு டார்கெட் எவ்வளவும்மா?” என்றாள்.

“மார்க்குக்கு டார்கெட் வேண்டாம். தெரிஞ்சதை எழுது. தெரியாததை விட்டுட்டு வா. அதுதான் டார்கெட்.”

அடுத்த மாதிரித் தேர்வில் இருபது கேள்விகளைத் தொடாமல் விட்டுவிட்டு வந்தாள். 530. நீங்கள் எழுதியதற்கு வெகு கீழே. அவள் இதுவரை எடுத்த எல்லாவற்றுக்கும் மேலே. அன்று குழம்பில் இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இன்று காலை அவளாகவே கேட்டாள். “அம்மா, அழிச்சிரலாமா?” துணியை நீட்டியது அவள்தான். அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. நான் அழித்தேன்.

நாளை தேர்வு. என்ன வாங்குவாள், அது போதுமா, எனக்குத் தெரியாது. உங்கள் மேல் வருத்தமில்லை. பெரிதாக ஆசைப்பட நம் வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆசையைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி, என்னிடம் வைத்துக்கொண்டேன். எனக்கு அது பாரமாக இல்லை.

சாயங்காலம் ஜெசியின் உயரத்தை நூலில் அளந்து, அவளையும் கூட்டிக்கொண்டு கோயில் வாசல் கடைக்குப் போனேன்.

“ஆள் உசரத் திரியா? பிள்ளைக்கு டாக்டர் சீட்டு கெடச்சிட்டாம்மா?” என்றார் கடைக்காரர்.

“இல்ல அண்ணாச்சி, நாளைக்குத்தான் பரீட்சை.”

“மார்க்கு வந்தப்புறம்லா ஏத்துவாங்க. வராமப் போச்சுன்னா?”

ஜெசி வாசலில் நின்று, கூடப் படிக்கிற பிள்ளையிடம் ஏதோ கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை இருக்காள்லா அண்ணாச்சி,” என்றேன். “அதுக்குத்தான்.”