சாக்கில் தைத்த மழைச்சட்டை

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மகளோடு செரம்பானில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலையேற்றக் கூட்டிப்போகிறாளாம், மழைச்சட்டை வேண்டுமாம். ஒன்றை எடுத்தாள், கனம் என்றாள். இன்னொன்றை எடுத்தாள், நிறம் பிடிக்கவில்லை என்றாள். கடைக்காரப் பெண் பாவம், ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். ரப்பர் வாடை குப்பென்று அடித்ததும் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மகள்மேல் இல்லை, உங்கள்மேல்.

ஜப்பான்காரன் வரும்வரை நம் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரிடமும் மழைச்சட்டை கிடையாது. மழை பெய்தால் பால்மரத்தைக் கீறிப் பால் எடுக்க முடியாது, வீட்டில் இருந்துவிடுவோம். பிறகு சட்டை எதற்கு? அவன் வந்த பின் பாலை வாங்க ஆளில்லை. மலைச்சரிவைத் திருத்தி மரவள்ளி நடச் சொன்னான். அந்த வேலைக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். நீங்களோ நெஞ்சுச்சளியில் படுத்து அப்போதுதான் எழுந்திருந்தீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ நனைஞ்சாருன்னா அப்புறம் என்னைக் கேக்காதம்மா. மருந்து ஒண்ணும் இல்ல லா" என்றார்.

சாக்கில் சட்டை தைத்து, ரப்பர் பாலைப் பூசி, ரப்பர் சீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கொட்டகையில் தொங்கவிட்டால் தண்ணீர் இறங்காது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நீங்கள் மட்டும் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவர் சட்டையையும் போட்டுப் பார்த்து நொட்டை சொன்னீர்கள். "புகை நாறுது புள்ள. நம்மளது வெயில்ல காயட்டும், நான் சொல்றேன்ல?" அரைகுறையாகக் காய்ந்ததை மடித்தும் வைத்தீர்கள். மறுநாள் அதற்குள் தலையை விட்டதும் பிசின்போல் ஒட்டிக்கொண்டது. கையும் வெளியே வரவில்லை, தலையும் வெளியே வரவில்லை. "இழு புள்ள, இழு!" என்று உள்ளேயிருந்து கத்தினீர்கள். சட்டையை வெட்டித்தான் உங்களை வெளியே எடுத்தேன்.

அக்கம்பக்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த சாக்கு நாம் விரித்துப் படுத்தது ஒன்றுதான். அதைக் கிழிக்க உட்கார்ந்தால், "இதுலயாச்சும் காலர் வெச்சுத் தையேன், தொர போடுற மாதிரி" என்கிறீர்கள்!

"தொரயே ஓடிப்போயிட்டாரு. காலர் ஒண்ணுதான் கொறச்சலு" என்றேன். வைத்துத்தான் தைத்தேன். இந்த முறை நானே கொண்டுபோய்ப் புகையில் தொங்கவிட்டேன். பிறகு தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதைப் போட்டுக்கொண்டு மலாய்க்காரர்கள் இருக்கும் கம்பத்துக்கு, அந்தக் கிராமத்துக்குப் போனீர்கள். அங்கே ஒருவர் வீட்டுக் கூரையை வேய்ந்து கொடுத்தால் அரிசி தருவதாகச் சொல்லியிருந்தார். நான் வயிற்றில் பிள்ளையைச் சுமந்திருந்தேன், மரவள்ளியைக் கண்டாலே குமட்டும். சாயங்காலம் கொட்டுகிற மழையில் திரும்பி வந்தீர்கள், வெற்றுடம்போடு. மார்போடு அணைத்துப் பிடித்திருந்த சட்டைக்குள் அரிசி.

"ஒரு மணி நனையல, பாத்தியா? நல்ல சட்டதான் புள்ள" என்று பல் கிட்டக் கிட்டச் சிரித்தீர்கள்.

அன்று வந்த காய்ச்சல் உங்களை விடவில்லை. அந்த அரிசியில் உங்களுக்கும் கஞ்சி வைத்தேன், எனக்கும் வைத்தேன். எனக்கு இறங்கியது, உங்களுக்கு இறங்கவில்லை. மகள் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

பெண்டாட்டிமேல் எவ்வளவு ஆசை பார் என்று உறவுக்காரர்கள் உருகுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உப்பாக இருந்தாலாவது கரைந்துபோகும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அரிசி! இன்றைக்கும் உலையில் அரிசி போடும்போதெல்லாம் உங்களோடு சண்டைதான் போடுகிறேன். நனைந்த அரிசியை முறத்தில் பரப்பினால் காய்ந்துவிட்டுப் போகிறது. நனைந்து வந்த உங்களை நான் எதில் போட்டுக் காயவைப்பேன்?